மிஞ்சிய வாஷர்

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். பிள்ளையார் கோவில்கள் பல சூழ்ந்த எமது அளவெட்டியிலே இப்பழமொழியைக் கேளாது வளர்ந்தவர் இலர். ஆனால், குரங்காய் முடிந்தபின் யாது செய்தல் வேண்டும் என்பதைப் பழமொழி கூறாது விட்டுவிட்டது. அதனை இவ்வாரம் நேயர்களோடு பேச எண்ணுகின்றோம். நாம் பிடிக்கப் புகுந்த பிள்ளையார், ஒரு பழைய டீசல் காரைத் திருத்தும் வேலை. முடிந்த குரங்கு, மறுநாள் விடியற்காலை இயங்க மறுத்து நின்ற அதே கார்.

எமது வீட்டுக் கார் 1980களில் யப்பானிலே செய்யப்பெற்றது. பலர் கைமாறி எம்மிடம் வந்தது. நரை திரை வந்தபின்னும் உழைக்கும் முதியவரைப்போல, வெங்காய மூட்டை ஏற்றினும் சரி, கலியாண வீட்டுக்கு ஆள் ஏற்றினும் சரி, முகஞ்சுளியாது ஓடும். அப்படிப்பட்டது சில வாரங்களாக வேகமெடுக்கும்போது மூச்சுத் திணறத் தொடங்கிற்று. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியிலே, நாட்கணக்காக வரிசையில் நின்று வாங்கிய டீசலைக் கலன்களில் சேமித்து, பின்னர் அக்கலன்களின் அடிமண்டியையும் வீணாக்க மனமின்றித் தாங்கியில் ஊற்றிய வீடுகளுள் எம்முடையதும் ஒன்று. அன்று தொட்டு டீசல் வடிகட்டியை மாற்றவில்லை. அது அடைத்துக்கொண்டதில் வியப்பில்லை.

கராஜில் விட்டால் ஒரு நாள் கழிந்துவிடும். தங்கையின் மகன், க.பொ.த. உயர்தர வகுப்பிலே பௌதிகவியல் படிப்பவன், “மாமா, நாங்களே மாத்துவம்” என்றான். கைத்தொலைபேசியில் அதற்கான காணொளி ஒன்றையும் பார்த்து வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மாமரத்து நிழலிலே பழைய பத்திரிகைத் தாளை விரித்து வேலை தொடங்கினோம். பழைய வடிகட்டியைக் கழற்றிப் புதியதைப் பூட்டினோம். எரிபொருட் பம்பின் வாயிலில் உள்ள துளைப்போல்ற்றினுள்ளே சிறு கம்பிவலை ஒன்று உண்டு. அதனையும் கழற்றிக் கழுவினான் பையன். யாவற்றையும் திரும்பப் பூட்டி, வடிகட்டியின் தலையிலுள்ள கைப்பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்றித் திறப்பைத் திருகினோம். மூன்றாம் முறை இயந்திரம் முழங்கிற்று. கும்பிளாவளைப் பிள்ளையார் கோவில் வரை ஓட்டிச்சென்று ஒரு தேங்காயும் உடைத்துத் திரும்பினோம். மிச்சம் பிடித்த பணத்தின் கணக்கை இராச் சாப்பாட்டின்போது இரண்டு தடவை சொன்னோம் என்பதையும் ஒளியாது கூறிவிடுகின்றோம்.

மறுநாள் திங்கட்கிழமை. எமது தாயாருக்கு யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலே கண்புரைச் சத்திரசிகிச்சை செய்யக் குறித்த நாள். காலை 7 மணிக்கு அங்கே நிற்றல் வேண்டும். 5 மணிக்கே தாயார் தோய்ந்து, திருநீறு பூசி, மருந்துச் சீட்டுக்களை ஒரு பையில் இட்டு மடியில் வைத்துக்கொண்டு பின்னிருக்கையில் அமர்ந்துவிட்டார். திறப்பைத் திருகினோம். ஸ்ராட்டர் சுழன்றது, இயந்திரம் பற்றவில்லை. மீண்டும் திருகினோம். பத்துத் தடவை, பதினைந்து தடவை திருகினோம். சுழற்சி முனகலாயிற்று, முனகல் வெறும் ‘டிக்’ என்ற ஒலியாயிற்று, பின்னர் அதுவும் இல்லை.

“அது ஏலாதெண்டால் விடு மோனை, ஓட்டோவிலை போவம்” என்றார் தாயார். அயல் வீட்டு ஓட்டோ வந்தது. தங்கை தாயாரைக் கைபிடித்து ஏற்றினாள். பின்னால் பேருந்தில் வருவதாகச் சொல்லி நாம் நின்றுவிட்டோம். தாயாரின் கண்ணுக்குச் சத்திரசிகிச்சை நடக்கும் நாளிலே ஒரு மகன் காரோடு மல்லுக்கட்டி நின்றது ஏன் என்று பின்னர் எம்மையே கேட்டோம். தோற்றுப்போன இடத்தை விட்டு நகர மனம் ஒப்பவில்லை என்பதன்றி வேறு விடை கிடைக்கவில்லை.

இனி நடந்ததை விளங்கிக்கொள்ள, டீசல் இயந்திரம் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைச் சிறுவரும் அறிவர். காற்றை விரைந்து நெருக்கினால் அது சூடேறும். ருடோல்ப் டீசல் என்னும் யேர்மானியப் பொறியியலாளர் இவ்வுண்மையின் மீதே தமது இயந்திரத்தை எழுப்பினார். 1858 இல் பாரிஸ் நகரிற் பிறந்த அவர், 1897 இல் அவுக்ஸ்பேர்க் நகரிலே தமது இயந்திரத்தைச் செவ்வனே ஓட்டிக் காட்டினார். பெற்றோல் இயந்திரத்திலே தீப்பொறி பற்றவைக்கின்றது. டீசல் இயந்திரத்திலே பொறி இல்லை. உள்ளிழுத்த காற்று ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்கப்படுகின்றது, அதனாற் பழுக்கச் சூடேறிய காற்றினுள்ளே டீசல் நுண்டுளியாகப் பீச்சப்படுகின்றது, உடனே பற்றுகின்றது. முதலில் ஆலைகளையும் கப்பல்களையும் ஓட்டிய இவ்வியந்திரம், 1936 இல் மேர்சிடிஸ் பென்ஸ் 260டி போன்ற வண்டிகள் மூலம் கார்களுக்கும் வந்தது. 1960களிலே மொறிஸ் ஒக்ஸ்போட், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஆகிய கார்களிலும் 1489 கன சென்ரிமீற்றர் டீசல் இயந்திரம் பூட்டப்பெற்றது.

ஆகவே, டீசல் கார் இயங்குவதற்கு மூன்று பொருள்கள் போதும். காற்று நன்றாக நெருங்கிச் சூடேறும்படி இயந்திரம் விரைந்து சுழலல் வேண்டும். குளிர்ந்திருக்கும் வேளையில் ஹீற்றர் பிளக்குகள் உள்ளறையைச் சூடாக்குதல் வேண்டும். டீசல், நூறு வளிமண்டலங்களுக்கு மேற்பட்ட அழுத்தத்துடன், காற்றுக் குமிழி கலவாது இன்ஜெக்ரருக்கு வருதல் வேண்டும். இம்மூன்றாவதிலேதான் வீட்டுத் திருத்தக்காரர் பெரும்பாலும் சறுக்குகின்றனர். டீசல் அழுத்தத்துக்கு அமிழாது, காற்றோ அமிழும். பம்பு தள்ளும் தள்ளலை இடையில் உள்ள குமிழி பஞ்சுபோல் வாங்கிக்கொண்டால், இன்ஜெக்ரரின் வாய் திறவாது. ஒரு சிறு குமிழி ஒரு காரையே நிறுத்திவிடும்.

இவ்வளவும் எமக்கு ஏட்டளவில் தெரியும். ஆயினும் அன்று காலை நாம் செய்தவை யாவை? முதலிற் பற்றரியைக் குறை கூறினோம். பின்னர் டீசல் விற்றவரை ஐயுற்றோம். என்ன சங்கதி என்று வேலிக்கு அப்பாலிருந்து கேட்ட அயலவரிடம், “பற்றரி பழசு” என்று சொன்னோமே தவிர, முதல் நாள் நாமே கழற்றிப் பூட்டியதைச் சொன்னோமில்லை. ஹீற்றர் பிளக்குக் கம்பியைக் கழற்றிப் பார்த்தோம். ஈற்றில், பம்பின் நேரக்கணக்குப் பிசகிவிட்டது என்று எமக்கு நாமே தீர்ப்பளித்து, பம்பை இயந்திரத்தோடு பிணைக்கும் நட்டுக்களில் ஸ்பானரை வைத்தோம். பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்; “பேசாமல் நில்” என்று அதட்டினோம்.

அவ்வேளையிலே பக்கத்துத் தோட்டத்தில் நீரிறைக்கும் இயந்திரத்தைப் பார்க்க வந்த முதிய மெக்கானிக் ஒருவர் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

“தம்பி, அதிலை கை வைக்காதையுங்கோ!” என்றதுதான் அவருடைய முதல் வார்த்தை. ஸ்பானரை எம் கையிலிருந்து மெல்ல வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “நேற்று ஓடினதோ?”

“ஓடியது, அண்ணை. கோவில் வரை போய் வந்தோம்.”

“நேற்று ஓடின கார் இரவு நிண்டு விடியப் படுத்திட்டுதெண்டால் எஞ்சினிலை பிழையில்லை. நேற்று என்னத்தைக் கழட்டினனீங்கள்? முழுக்கச் சொல்லுங்கோ.”

“வடிகட்டி மட்டுந்தான்” என்றோம். துளைப்போல்ற்றை நாம் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. பையன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பெரியவர் மேலும் வினவவில்லை. சுத்தமான போத்தல் ஒன்றில் வடித்த டீசலை ஊற்றுவித்தார். வடிகட்டியிலிருந்து பம்புக்குச் செல்லும் குழாயை வடிகட்டிப் பக்கத்திற் கழற்றி, அம்முனையைப் போத்தலோடு இணைத்து, வைத்தியசாலையிலே சேலைன் போத்தல் தொங்குவதுபோல் அதனைக் கார் மூடியின் கொளுக்கியிலே தொங்கவிட்டார். தமது வண்டியின் பற்றரியிலிருந்து கம்பி தொடுத்தார். இன்ஜெக்ரர்க் குழாய்களின் நட்டுக்கள் இரண்டைச் சற்றே தளர்த்தி, ஸ்ராட்டரைச் சிறிது சுழற்றச் சொன்னார். முதலில் நுரை வந்தது. பின்னர்த் தெளிந்த டீசல் தெறித்தது. நட்டுக்களை இறுக்கினார். அடுத்த சுழற்சியில் இயந்திரம் பற்றிக்கொண்டது.

“அப்ப எஞ்சினும் நல்லது, பம்பும் நல்லது, இன்ஜெக்ரரும் நல்லது” என்று சொல்லி நிறுத்தச் செய்தார். பம்பின் வாயிலைச் சுற்றி உலர்ந்த சீலையால் துடைத்துவிட்டு, “இனித் தேத்தண்ணி குடிப்பம்” என்றார்.

தேநீர் குடித்து முடிந்தபின் விளக்கைப் பிடித்துப் பார்த்தோம். துளைப்போல்ற்றின் கீழே ஒரு துளி டீசல், விழலாமோ விழவேண்டாமோ என்று தொங்கி மின்னிற்று.

“போத்தல் மேலை நிண்டு தள்ளுது. அதாலை, காத்து உறிஞ்சின வாய் இப்ப ஒழுகுது. பாத்தீங்களோ?”

அப்போது பையன் ஒன்றும் பேசாது வீட்டினுள் ஓடினான். மேசை லாச்சியைத் திறக்கும் ஒலி கேட்டது. திரும்பி வந்து கையை விரித்தான். உள்ளங்கையிலே புத்தம்புதிய செப்பு வாஷர் ஒன்று இருந்தது. துளைப்போல்ற்றிலே குழாய்க் கண்ணின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக இரண்டு வாஷர் இருத்தல் வேண்டும். அவன் ஒன்றை மட்டும் இட்டுப் பூட்டிவிட்டான். வேலை முடிந்து பத்திரிகைத் தாளை மடிக்கும்போதே மற்றையது அதில் கிடந்ததைக் கண்டிருக்கின்றான்.

“கார் ஸ்ராட் ஆகீற்றுதுதானே, பிறகு சொல்லி என்னத்துக்கெண்டு விட்டிட்டன், மாமா. சொன்னால் ஏசுவியள் எண்டும் பயந்தனான்.”

எமக்கு விடை கூற வாய் எழவில்லை. பெரியவர்தான் கூறினார்: “மோனை, நேற்றே சொல்லியிருந்தால் அரை மணித்தியால வேலை. இண்டைக்காவது சொன்னாய், இதோடை முடிஞ்சுது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் கொம்மான் பம்பையும் கழட்டியிருப்பார்.”

நிற்க. ஞாயிற்றுக்கிழமை மாலை ஓடிய கார் திங்கட்கிழமை விடியற்காலை ஓடாதது ஏன்? தோட்டஞ் செய்யும் குடும்பங்களிற் பிறந்த நேயர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. துலா மிதித்து இறைத்த காலம் போய், இயந்திரத்தால் இறைக்கும் காலம் வந்தபின், கிணற்றுள் இறங்கும் உறிஞ்சு குழாயிலே ஊசிமுனைத் துளை ஏற்பட்டால் யாது நிகழும் என்பதை நாம் கண்டிருக்கின்றோம். அத்துளை வழியே நீர் வெளியே சிந்தாது. காற்றே உள்ளே புகும். குழாயை நீர் நிரப்பித் தொடக்கினால் இயந்திரம் ஒருவாறு இறைக்கும். நிறுத்திச் சிறிது நேரம் விட்டால் குழாயிலுள்ள நீர் கிணற்றுக்கே இறங்கிவிடும். எமது காரைப் போன்றவற்றிலே எரிபொருட் பம்பு தாங்கியிலிருந்து டீசலைத் தானே உறிஞ்சுகின்றது. தாங்கி தாழ்வில் உள்ளது. வாஷர் குறைந்த வாயிலால் இரவு முழுவதும் காற்று மெல்லப் புக, குழாயிலிருந்த டீசல் தாங்கிக்கு இறங்கிவிட்டது. உறிஞ்சும் பக்கத்துப் பழுது வெளியே ஒழுகிக் காட்டாது. ஒழுகாததனாலேயே கண்ணுக்குத் தப்புகின்றது. பெரியவர் செய்த சூழ்ச்சி, தாழ்விலிருந்து உறிஞ்சுவதை மாற்றி மேலிருந்து தள்ளவிட்டதே. உள்ளே புகுந்த வழியால் டீசல் வெளியே வந்து தன்னைக் காட்டிக்கொடுத்தது.

வாஷரைப் பூட்டிக்கொண்டே அவர் பழைய நாட்களை நினைவு கூர்ந்தார். 1990 ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருளும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் வருவது தடுக்கப்பட்டிருந்த காலத்திலே, ஏ40களும் மொறிஸ் மைனர்களும் சில துளி பெற்றோலிலே தொடங்கி மண்ணெண்ணெயிலே ஓடின என்பதை அக்காலத்தவர் அறிவர். டீசல் வண்டிக்கு அச்சங்கடம் வேறு வகையானது. மண்ணெண்ணெயிலே வழுவழுப்புக் குறைவு. இவ்வகைப் பம்புகளோ தாம் செலுத்தும் எரிபொருளாலேயே மசகு பெறுவன. வெறும் மண்ணெண்ணெயில் ஓட்டினால் தேய்ந்துபோம். ஆதலால் மண்ணெண்ணெயோடு சிறிது சமையலெண்ணெய் கலந்து ஓட்டியதாக அவர் சொன்னார். 1900 ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியிலே ஒரு டீசல் இயந்திரம் கச்சான் எண்ணெயில் ஓட்டிக் காட்டப்பெற்றது என்பதை நோக்கின், இதில் வியப்பில்லை.

புதிய செப்பு வாஷருக்கு வழியில்லாத அந்நாளிலே பழையதை அடுப்பிற் செந்நிறமாகக் காய்ச்சித் தண்ணீரில் இட்டுப் பயன்படுத்துவார்களாம். நசுங்கி இறுகிய செம்பு காய்ச்சினால் மீண்டும் மிருதுவாகும். உருக்கைப்போலத் தண்ணீரில் இட்டதும் இறுகிவிடாது. பௌதிகவியல் படிக்கும் பையன் இதைக் கேட்டுக் கண்ணை விரித்தான். “அந்த நேரம் ஒரு வாஷர் நிலத்திலை விழுந்தால் மூண்டு பேர் விளக்குப் பிடிச்சுத் தேடுவம்” என்றார் பெரியவர். ஒரு வாஷரின் அருமை அறிந்தவருக்கு, ஒரு வாஷர் மிஞ்சுவதன் பொருளும் தெரியும்.

வீட்டிலே திருத்தம் செய்தபின் இயங்க மறுக்கும் டீசல் காருக்கு அவர் சொல்லித் தந்த ஒழுங்கை, மாணவரும் இல்லத்தாரும் பயன்கொள்ளும்படி இங்கே தருகின்றோம்.

முதலாவது, கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். ஸ்ராட்டரை ஒரு முறைக்குப் பத்து விநாடிக்கு மேற் சுழற்றாதீர்கள். இடையிடையே ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள். பற்றரியைக் கொன்றுவிட்டால் சோதிப்பதற்குரிய கருவியே போய்விடும். ஓய்ந்திருக்கும் நல்ல பற்றரி 12.6 வோல்ற் அளவில் இருக்கும். சுழற்றும்போது 10 வோல்றுக்கு மிகத் தாழ்ந்தால் அதனை முதலிற் கவனித்தல் வேண்டும்.

இரண்டாவது, கடைசியாக எதைக் கழற்றினீர்களோ அதை முதலிற் பாருங்கள். கழற்றிய யாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். சிறியது என்று எதனையும் விடாதீர்கள். கழற்றிய கம்பிகளுள் ஒன்றேனும் பூட்டாது கிடக்கின்றதா என்றும் நோக்குங்கள். எரிபொருளைத் திறந்துவிடும் மின் அடைப்பான் பம்பின் மேல் உண்டு. திறப்பைத் திருகியவுடன் அதிலே ‘டிக்’ என்னும் மெல்லொலி எழல் வேண்டும். அதன் கம்பி கழன்றிருந்தால், எத்துணை சுழற்றினும் பயனில்லை.

மூன்றாவது, ஒருவர் சுழற்ற மற்றவர் புகைக்குழாயைப் பாருங்கள். புகை சிறிதும் இல்லையேல், டீசல் உள்ளே செல்லவில்லை. காற்றையோ அடைப்பையோ தேடுக. வெண்புகை வந்தும் பற்றவில்லையேல், டீசல் செல்கின்றது, ஆனால் எரியவில்லை. அப்போது ஹீற்றர் பிளக்குகளையும் சுழற்சி வேகத்தையும் நோக்குக. மிகப் பழைய சில வண்டிகளிலே பிளக்குகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்று எரிந்துபோனால் யாவும் சூடேறா.

நான்காவது, காற்றை முறையாக வெளியேற்றுங்கள். நம்மவர் ‘எயார் எடுத்தல்’ என்பது இதுவே. கைப்பம்பு இறுகும் வரை அழுத்துக. பின்னர் இன்ஜெக்ரர் நட்டுக்களைச் சிறிது தளர்த்திச் சுழற்றுக. நுரை நீங்கித் தெளிந்த டீசல் வந்ததும் இறுக்குக. பீச்சும் டீசலின் முன்னே விரலை ஒருபோதும் நீட்டாதீர்கள். அவ்வழுத்தம் தோலைத் துளைத்து உட்புக வல்லது. அவ்வாறு நேர்ந்தால் காயம் சிறிதெனினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

ஐந்தாவது, எயார் எடுத்தபின் ஓடி, மறுநாள் மீண்டும் படுத்தால், உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை உண்டு. வாஷர்கள், குழாய்ப் பிடிகள், வெடித்த றப்பர்க் குழாய்கள், வடிகட்டியின் றப்பர் வளையம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பம்புக்கு முன்னே ஒரு சாண் தெளிந்த பிளாஸ்ரிக் குழாயைச் சோதனைக்காக மட்டும் இணைத்தால், ஓடும் குமிழி கண்ணுக்குத் தெரியும். போத்தற் சோதனையை மேலே சொன்னோம்.

ஆறாவது, அவசரத்துக்கு ஈதர் போன்ற விரைந்து பற்றும் திரவத்தைக் காற்றுக் குழாயில் அடியாதீர்கள். சூடான ஹீற்றர் பிளக்கோடு அது சேர்ந்தால் வெடிக்கும். அவ்வாறே, குறியிடாமல் பம்பைத் தளர்த்தாதீர்கள். அதன் நேரக்கணக்கு ஒரு மயிரிழை பிசகினாலும் அதற்குரிய அளவுகருவி உள்ள இடத்திலேதான் திரும்பச் சரிசெய்யலாம். எமது ஸ்பானர் அதன் மேலிருந்ததை நினைக்குந்தோறும் இன்றும் உடல் குளிர்கின்றது.

இவை யாவும் கைத்தொழில் அறிவு, பழகினால் வந்துவிடும். ஆனால் இவற்றுள் இரண்டாவது மட்டும் கைத்தொழில் அறிவன்று. அது வீட்டு ஒழுக்கம். கடைசியாகச் செய்ததை ஒளியாமற் சொல்லுதல், சொல்லுவோருக்கும் எளிதாயிருத்தல் வேண்டும். கேட்போருக்கும் எளிதாயிருத்தல் வேண்டும். பையன் வாஷரை ஒளித்தான் என்று குறை கூறுதல் எளிது. அவன் ஒளித்தது ஒன்று. நாம் ஒளித்தது எத்தனை? அயலவரிடம் பற்றரியின் மேற் பழி போட்டோம். பெரியவரிடம் வடிகட்டி மட்டுந்தான் என்றோம். பையன் சொல்ல வாயெடுத்தபோது அடக்கினோம். அவனுக்கு அச்சத்தைக் கற்பித்தவரும், அதன் பயனாக ஓடாத காரின் முன்னே நின்றவரும் நாமே. ஒரு சிறு பிழையைச் சொன்னால் ஏச்சு விழும் என்றறிந்த வீட்டிலே, சிறு பிழைகள் லாச்சிக்குட் போய் ஒளிந்துகொள்ளும். பெரிய பிழையாய் வளர்ந்தபின்னரே வெளிவரும். இது காருக்கு மட்டும் உரியதன்று. பரீட்சைப் புள்ளிக்கும், கடனுக்கும், நோய்க்கும் இதுவே பொருந்தும். கண் மங்குகின்றது என்பதை எமது தாயார் எம்மிடம் ஓராண்டாகச் சொல்லாதிருந்தார் என்பதும் அன்றுதான் நினைவுக்கு வந்தது.

பெரியவர் கூலி வாங்க மறுத்தார். பற்றரியைச் சிறிது நேரம் ஓடவிட்டு ஏற்றிக்கொண்டு, மல்லாகத்தூடாகக் காங்கேசன்துறை வீதியிலே பட்டினம் நோக்கிப் புறப்பட்டோம். சத்திரசிகிச்சை நலமாக முடிந்திருந்தது. ஒரு கண்ணில் மறைப்புக் கட்டியிருந்த தாயார் காரைக் கண்டதும், “ஆர் திருத்தினது?” என்று கேட்டார்.

“வாஷரை நான் பிழையாய்ப் போட்டிட்டன், அம்மம்மா” என்றான் பையன், நாம் வாய் திறக்குமுன்னே.

“நான் அவனைப் பேச விடாமல் மறித்துப்போட்டன், அம்மா” என்றோம் நாம்.

தாயார் இருவரையும் மறைப்பில்லாத கண்ணாற் பார்த்தார். “சரி, இனி மெல்லமாய் ஓட்டுங்கோ” என்று சொல்லிப் பின்னிருக்கையில் ஏறி அமர்ந்தார்.

இப்போது எமது வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்கு விரிக்கும் பத்திரிகைத் தாளிலே, கழற்றும் ஒவ்வொரு பொருளின் அருகிலும் அதன் பெயரையும் எண்ணிக்கையையும் பென்சிலால் எழுதுகின்றான் பையன். தாள் வெறுமையாகும் வரை ஒருவரும் திறப்பைத் தொடுவதில்லை. ஏதேனும் மிஞ்சினால், “மாமா, ஒண்டு மிஞ்சுது” என்று உரக்கச் சொல்லுதல் அவன் கடமை. அதைக் கேட்டு ஏசாதிருத்தல் எம் கடமை. இதுவரை இருவரும் ஒருவாறு தவறாது நடந்து வருகின்றோம்.